மைலேஜ் 15-லிருந்து 12-க்கு இறங்கிவிட்டது, காரை மாற்றலாமா?

கேள்வி இதுதான்: 2019 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். தாம்பரத்திலிருந்து கிண்டிக்குத் தினமும் அலுவலகம், வார இறுதியில் கொஞ்சம் வெளியூர், மொத்தம் மாதம் ஆயிரம் கிலோமீட்டர். முன்பு லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி இப்போது 12 தான் கொடுக்கிறது. எல்லோரும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைத்தான் குறை சொல்கிறார்கள். பெட்ரோல் செலவு மாதம் எட்டாயிரத்தைத் தாண்டுகிறது. மைலேஜைக் கூட்ட வழி உண்டா, அல்லது சிஎன்ஜி காருக்கு மாறிவிடலாமா?

முதலில் நான் திருப்பிக் கேட்பது: அந்த 15-ஐயும் 12-ஐயும் எப்படி அளந்தீர்கள்? டேஷ்போர்டில் வரும் எண்ணை வைத்துச் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம். பல கார்களில் அது உண்மையைவிடக் கொஞ்சம் தாராளமாகக் காட்டும். சரியான வழி பழைய வழிதான். ஆட்டோ கட் ஆகும் வரை டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, முக்கால் டேங்க் ஓட்டிவிட்டு, அதே பங்க்கில் மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஒரே ஒரு டேங்கை வைத்து முடிவுக்கு வராமல், இரண்டு மூன்று டேங்க் சேர்த்துப் பாருங்கள். ஆட்டோ கட் ஆன பிறகும் "ரவுண்ட் பண்ணிடுங்க" என்று மேலே மேலே ஊற்றச் சொல்லாதீர்கள். கணக்கு கெடுவது ஒரு பக்கம். டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் திரவப் பெட்ரோல் போய்விட்டால் அது தனிச் செலவு.

விளம்பரத்தில் 20-க்கு மேல் போட்டிருந்தார்களே என்ற வருத்தம் வேண்டாம். அது வாகனச் சோதனை அமைப்பான ஏஆர்ஏஐ தரும் எண். ஆய்வகத்தில், உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, ஏசி போடாமல், ஒரு குறிப்பிட்ட வேகப் பட்டியலின்படி ஓட்டி எடுப்பது. அந்தப் பட்டியலில் உச்ச வேகமே மணிக்கு 90 தான். குரோம்பேட்டை நெரிசலும் மே மாத வெயிலும் அதில் கிடையாது. இரண்டு மாடல்களை ஒப்பிட அந்த எண் உதவும், மாதச் செலவைக் கணக்குப் போட உதவாது.

சரி, 12 உண்மை என்றே வைத்துக்கொள்வோம். கணக்குக்காகப் பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய். ஆயிரம் கிலோமீட்டருக்கு 83 லிட்டர், அதாவது சுமார் 8,400 ரூபாய். பழைய 15 கிடைத்தால் 67 லிட்டர், 6,700 ரூபாய். உங்கள் பிரச்சினையின் அளவு மாதம் ஏறக்குறைய 1,700 ரூபாய். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கார் மாற்றும் பேச்சு வரும்போது தேவைப்படும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மைலேஜ் 10-லிருந்து 12 ஆனால் 100 கிலோமீட்டருக்கு 1.67 லிட்டர் மிச்சம். 20-லிருந்து 24 ஆனால் 0.83 லிட்டர்தான் மிச்சம். இரண்டும் அதே 20 சதவீத உயர்வுதான், பணத்தில் பார்த்தால் பாதிக்குப் பாதி வித்தியாசம். குறைந்த மைலேஜில் ஓடும் வண்டியைக் கொஞ்சம் சரிசெய்தாலே பலன் பெரிது. வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் முதலில் கை வைக்க வேண்டியது அதிகம் குடிக்கும் வண்டியில்தான்.

இப்போது இ20. எத்தனாலில் ஒரு லிட்டருக்கு உள்ள எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் குறையத்தான் செய்யும், அதில் விவாதமே இல்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலேயே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்கு ஏற்றபடி சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்றும், இ10-க்காக வடிவமைத்து இ20-க்கு ஏற்றபடி சரிசெய்தவற்றில் 1 முதல் 2 சதவீதம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் 2019 வண்டிக்கு மோசமான எண்ணான 7 சதவீதத்தையே எடுத்துக்கொண்டாலும் 15 என்பது 14-க்குத்தான் இறங்கும். 12-க்கு வராது. மீதி இரண்டு கிலோமீட்டர் வேறு எங்கோ கசிகிறது. இ20 மேல் பழியைப் போட்டுவிட்டு அதைத் தேடாமல் விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். ரப்பர் ஹோஸ், சீல் போன்ற பாகங்கள் இ20-ஐத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. அதை வண்டியின் கையேட்டிலோ சர்வீஸ் சென்டரிலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கசிவைத் தேடும்போது நான் முதலில் பார்ப்பது பிரேக். ஐந்தாறு வருட வண்டிகளில், பிரேக் பேடை டிஸ்கோடு அழுத்தும் காலிபரின் பின் துருப்பிடித்து, காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்கை லேசாகப் பிடித்தபடியே இருப்பது சாதாரணம். ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது, கொஞ்சம் பிக்கப் இல்லை என்று மட்டும் தோன்றும். சமதளத்தில் நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஒரு ஆள் தள்ளினால் சின்னக் கார் சுலபமாக நகர வேண்டும். அல்லது பிரேக் அதிகம் போடாமல் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரங்களுக்கும் பக்கத்தில் கையை நீட்டிப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் அனலாகக் கொதித்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள். காலிபரைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடுவது பெரிய செலவில்லை.

அடுத்து தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜினின் சூட்டைச் சரியான அளவில் வைக்கும் வால்வு. அது திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. கம்ப்யூட்டர், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். ஆக்ஸிஜன் சென்சார் மந்தமானாலும் இதே கதைதான், சில சமயம் எச்சரிக்கை விளக்குகூட எரியாது. ஸ்கேனர் மாட்டிப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். இன்ஜின் ஆயில் மாற்றும்போது கையேட்டில் 0டபிள்யூ-20 என்று இருக்க, கடையில் இருந்த கெட்டி ஆயிலை ஊற்றிவிட்டார்களா என்று பில்லைப் பாருங்கள். அதிலும் ஒன்றிரண்டு சதவீதம் போகும். அழகுக்காகப் பெரிய அலாய் வீலும் அகல டயரும் போட்டிருந்தால் இரண்டு விஷயம் நடக்கும். உருளும் தடை கூடும். வெளிவிட்டமும் கூடியிருந்தால் மீட்டர் நிஜத்தைவிடக் குறைவாகக் கிலோமீட்டர் காட்டும், அப்போது மைலேஜ் விழாமலேயே விழுந்ததுபோலத் தெரியும்.

ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் போய்விடும் என்று இன்றும் சொல்கிறார்கள். கார்புரேட்டர் காலத்தில் அது உண்மை. இப்போதைய வண்டியில் உள்ளே போகும் காற்றை அளந்துதான் பெட்ரோல் தெளிக்கிறது. ஃபில்டர் அடைத்தால் இழுவை குறையும், மைலேஜ் பெரிதாக மாறாது. மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றுங்கள், அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். டயர் காற்றும் அப்படித்தான். நான்கு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 33 இருக்க வேண்டிய இடத்தில் 25 இருந்தால்கூட ஒன்றரை சதவீதம்தான். ஆனால் அந்தக் குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும் அபாயம் உண்டு என்பதால், மைலேஜை மறந்துவிட்டாவது மாதம் இரண்டு முறை பாருங்கள். அளவு டிரைவர் கதவை ஒட்டிய தூணில் ஒட்டியிருக்கும். டயர் சூடாவதற்கு முன் பிடிக்க வேண்டும்.

இனி ஓட்டும் முறை. பெரிய பணம் இருப்பது இங்கேதான்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள கார் 60-ல் போகிறது. அந்த வேகத்துக்கு வர இன்ஜின் செலவழித்த சக்தியைப் பெட்ரோலாக மாற்றினால், நகர ஓட்டத்தில் இன்ஜின் திறன் 25 சதவீதத்துக்குள்தான் என்பதால், சுமார் 20 மில்லி வரும். இரண்டு ரூபாய். பிரேக்கை மிதித்து நின்றவுடன் அந்த இரண்டு ரூபாயும் பேடில் சூடாகிப் போய்விடுகிறது. இதுவே 40-ல் போய் நின்றால் ஒரு ரூபாய்க்கும் குறைவு, ஏனென்றால் சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. முன்னால் சிவப்பு விளக்கு தெரிகிறது, இருந்தாலும் காலி இடம் கிடைத்தது என்று 60 வரை விரட்டி, சிக்னலில் போய் அழுத்தி நிற்கிறோம். தாம்பரத்திலிருந்து கிண்டி வரை இப்படி எத்தனை முறை நடக்கிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். பின்னால் வந்த பேருந்தும் உங்களோடு சேர்ந்துதான் அந்த சிக்னலில் நிற்கும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: முன்னால் உள்ள வண்டியின் பம்பரைப் பார்த்து ஓட்டாமல், அதற்கும் நான்கைந்து வண்டி தள்ளிப் பார்த்து ஓட்டுவது. நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரிலேயே உருள விடுங்கள். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் உருளும்போது இன்ஜின் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலில் ஓடப் பெட்ரோல் குடிக்கும். "நியூட்ரல் போட்டு இறக்கினால் மிச்சம்" என்று பழைய டிரைவர்கள் சொல்வது கார்புரேட்டர் வண்டிக் கணக்கு. ஊட்டியிலிருந்து இறங்கும்போது அந்தப் பழக்கம் உயிருக்கே ஆபத்து. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். மலையில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

கியரைச் சீக்கிரம் மாற்றுங்கள், 2,000 – 2,500 ஆர்பிஎம் போதும். அதற்காக ஐந்தாவது கியரில் 35-ல் போய் இன்ஜினை முக்க விடவும் கூடாது.

நிற்கும்போது ஓடும் இன்ஜின் அடுத்த ஓட்டை. ஏசியோடு ஐடிலில் நிற்கும் சின்னப் பெட்ரோல் இன்ஜின் மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். தினமும் மொத்தம் இருபது நிமிடம் நின்றால், 22 வேலை நாளுக்கு ஆறேழு லிட்டர். 600 – 700 ரூபாய், ஒரு அடிகூட நகராமல். கவுன்ட்டவுன் இருக்கும் சிக்னலில் 30 நொடிக்கு மேல் காட்டினால் அணைத்துவிடலாம். அணைத்தால் ஏசி கம்ப்ரஸரும் நிற்கும் என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் இதைச் செய்யச் சொல்ல எனக்கே மனம் வராது. அந்த நாட்களில் வேறு வழி: வெயிலில் நின்ற காரில் ஏறியதும் எல்லாக் கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டி, உள்ளே இருக்கும் கொதிகாற்றை வெளியேற்றிவிட்டு ஏசியைப் போடுங்கள். பிறகு உள்காற்றையே சுழலவிடும் பட்டனை அழுத்துங்கள். கம்ப்ரஸருக்கு வேலை பாதியாகக் குறையாவிட்டாலும் கணிசமாகக் குறையும். நெடுஞ்சாலையில் கண்ணாடியை இறக்கி ஓட்டுவதால் லாபம் இல்லை, காற்றுத் தடை கூடிவிடும். அங்கே ஏசி போட்டே போங்கள்.

வார இறுதி வெளியூர்ப் பயணத்தில் வேகம்தான் எல்லாம். 80-லிருந்து 100-க்கு ஏறினால் காற்றுத் தடை 56 சதவீதம் கூடுகிறது. திண்டிவனம் பக்கம் நூறு கிலோமீட்டர் போகிறீர்கள் என்றால் நேரத்தில் மிச்சம் 15 நிமிடம், பெட்ரோலில் நஷ்டம் சின்னக் காரில் ஐந்தில் ஒரு பங்கு வரை. வேண்டுமா என்பது உங்கள் முடிவு. மேலே கேரியர் மாட்டியிருந்தால், சாமான் ஏற்றாத நாளில் கழற்றி வீட்டில் வையுங்கள். காலியாக இருந்தாலும் அது காற்றை இழுக்கும்.

பங்க்கைப் பற்றிய நம்பிக்கைகளைச் சீக்கிரமாக முடித்துவிடுகிறேன். 100-க்குப் போடாமல் 110-க்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்பது வெறும் நம்பிக்கை. மெஷின் லிட்டரைத்தான் அளக்கிறது, நீங்கள் கேட்ட ரூபாயை அது பார்த்து மனம் மாறுவதில்லை. சந்தேகம் இருந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைக் கேளுங்கள். ஒவ்வொரு பங்க்கிலும் வைத்திருக்க வேண்டும், 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வித்தியாசம் அனுமதி. விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் அடர்த்தியாகக் கிடைக்கும் என்பதும் வேண்டாத தூக்கக்கேடு. தொட்டி மண்ணுக்கடியில் இருக்கிறது, அங்கே காலைக்கும் மதியத்துக்கும் வெப்பம் பெரிதாக மாறாது. 100 ஆக்டேன் பெட்ரோல், சாதாரண பெட்ரோலே போதும் என்று கையேட்டில் எழுதியிருக்கும் காருக்கு வீண் செலவு. ஆக்டேன் என்பது இன்ஜின் தட்டாமல் இருக்கும் தன்மை, கூடுதல் சக்தி அல்ல. சிகரெட் லைட்டரில் செருகும் கருவி, குழாயில் மாட்டும் காந்தம் இவற்றைப் பற்றி: அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய கருவிகளைப் பரிசீலித்து, மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டும் ஒன்றையும் காணவில்லை. மூலிகையிலிருந்து பெட்ரோல் என்ற மோசடியைப் பார்த்த தமிழ்நாட்டுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி சிஎன்ஜி. கிலோ 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சாலையில் பெட்ரோலுக்கு 12 கொடுக்கும் வண்டி சிஎன்ஜியில் கிலோவுக்கு 18 அளவில் கொடுக்கும். கிலோமீட்டருக்கு 8.40 ரூபாய் 5 ரூபாயாகும். மாதம் 3,400 மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? இப்போது மறுபக்கம். பழைய காரை விற்றது போக, புதுசுக்கு 5 லட்சம் கடன் வாங்குகிறீர்கள், வட்டி 9 சதவீதம். ஆரம்பத்தில் வட்டி மட்டுமே மாதம் 3,750. அசல் தனி. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். 8 லட்சம் ரூபாய்க் காருக்கு 1,04,000. இப்போது நீங்கள் போடும் பெட்ரோலுக்கு ஓராண்டுக்கே அவ்வளவு ஆகாது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கவென்றே கார் மாற்றுவது மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கட்டாது. இரண்டாயிரத்தைத் தாண்டி ஓட்டுபவர் பேசலாம்.

இருக்கும் வண்டிக்கே கிட் போடுவது வேறு கணக்கு. அங்கீகரித்த கிட்டாக, ஆர்சி புத்தகத்தில் ஏற்றி, இன்ஷூரன்ஸிலும் தெரிவித்துச் செய்ய வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனை உண்டு. டிக்கியில் பெட்டி வைக்க இடம் இருக்காது. பங்க்கில் வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேருங்கள். அறுபதாயிரம் ஆகிறது என்று வைத்தால் இன்றைய கணக்கில் ஒன்றரை வருடத்தில் திரும்பிவிடும். ஆனால் முதலில் பிரேக்கையும் ஓட்டும் முறையையும் சரிசெய்து மைலேஜ் 14-க்கு வந்துவிட்டால், அதே கிட் பணத்தைத் திருப்ப இன்னும் சில மாதம் எடுக்கும். அதனால்தான் முதலில் பழுது பாருங்கள், சிஎன்ஜியைப் பிறகு யோசியுங்கள் என்கிறேன்.

டீசல் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த டீசல் காரில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர், நெடுஞ்சாலை ஓட்டத்தில்தான் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் அடைத்துக்கொண்டு தொல்லை தரும். பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஸ்ட்ராங் ஹைப்ரிட் உண்மையிலேயே நகரத்துக்கான வண்டி, பிரேக்கில் போகும் அந்த இரண்டு ரூபாயில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்புகிறது. விலைதான் தடை. மின்சாரக் காரில், வீட்டிலேயே சார்ஜ் செய்ய வசதி இருந்தால் கிலோமீட்டர் செலவு இரண்டு ரூபாய்க்குள் அடங்கும். அடுத்த கார் எப்படியும் வாங்கப்போகும்போது யோசியுங்கள், இதற்காக இப்போதே வேண்டாம்.

விலை இறங்கும் என்று காத்திருக்காதீர்கள். 2017 ஜூனிலிருந்து நாடு முழுக்கத் தினசரி விலை என்றார்கள். 2022 ஏப்ரலில் சென்னையில் 110-ஐத் தாண்டியது, மே மாதம் வரியைக் குறைத்ததும் இறங்கியது, அதன் பிறகு 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறையும் வரை அசையவே இல்லை. இடையில் கச்சா எண்ணெய் விலை எவ்வளவோ ஏறி இறங்கியது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயில் நேராகப் போகிறது. 2025 ஏப்ரலிலிருந்து அந்தத் தடத்தில் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது, எண்ணிக்கை குறைவுதான், நேரம் பார்த்துப் போக வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் காரை வீட்டில் விட்டால் மாதம் 300 கிலோமீட்டர் குறையும். இன்றைய மைலேஜில் 25 லிட்டர், 2,500 ரூபாய். மைலேஜ் பழையபடி 15-க்கே திரும்பினாலும் கிடைப்பது 1,700 தான். டிக்கெட், ஸ்டேஷனில் டூ வீலர் பார்க்கிங் எல்லாம் கழித்துப் பாருங்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷனும், கிண்டி ஸ்டேஷனிலிருந்து அலுவலகமும் எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டும் நடக்கும் தூரமாக இருந்தால், வாரம் இரண்டு நாள் என்பதை மூன்றாக்கிக் கணக்குப் போடுங்கள்.